ஜாமீன் கையெழுத்து மாதிரிதான் தம்பி அது

புதுசா படிக்கறவங்களுக்காக கேள்வியை சுருக்கமா சொல்லிடறேன். நம்ம சேலத்துல ராப் பண்ற ஒரு தம்பி கேட்டிருக்கான், "அண்ணா, ஒரு ஹிப்ஹாப் ஆர்ட்டிஸ்ட் வெளிப்படையா ஒரு வேட்பாளருக்கு சப்போர்ட் பண்ணா அதுல அவனுக்கு என்ன பொறுப்பு இருக்கு, அவன் பாட்டுதானே பாடறான், ஓட்டு போடறது ஜனங்க இஷ்டம், அப்புறம் எதுக்கு ஆர்ட்டிஸ்ட்டை போட்டு திட்டறாங்க"ன்னு. கேள்வியோட தொனியைப் பார்த்தா அவனுக்கே ஏதோ ஆஃபர் வந்திருக்குன்னு தோணுது, வந்திருந்தா தப்பில்ல, மறைக்க வேண்டியதும் இல்ல.

நான் அம்மாப்பேட்டைல சின்னதா ஒரு ரெக்கார்டிங் ரூம் வச்சிருக்கேன். கோயில் பாட்டு, காதுகுத்து அழைப்பு, கல்யாண வீடியோவுக்கு குரல், எலெக்‌ஷன் வந்தா ஆட்டோல கட்டி ஓட்டற பிரச்சார ஆடியோ, இதோட நாலஞ்சு வருஷமா ராப் பசங்களும் வர்றாங்க. அதனால ரெண்டு பக்கமும் பார்த்திருக்கேன், காசு கொடுக்க வர்றவன் என்ன பேசறான்னும் தெரியும், மைக் முன்னாடி நிக்கற பையன் எங்க எச்சில் முழுங்கறான்னும் தெரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேட்பாளருக்கு ஆதரவு கொடுக்கறது ஜாமீன் கையெழுத்து போடற மாதிரி. நீ கடன் வாங்கல, வட்டி கட்டப்போறது நீ இல்ல, ஆனா "இந்தாளு சரியான ஆளு, எனக்குத் தெரியும்"னு உன் பேரை அடமானம் வச்சிருக்க. செவ்வாய்ப்பேட்டைல சீட்டு கட்டற எந்த வீட்லயாவது கேட்டுப்பாரு, ஜாமீன் போட்டவன் வீட்டு வாசல்ல ஆள் வந்து நின்ன கதை ஒண்ணாவது இருக்கும். "நான் சும்மா கையெழுத்துதான் போட்டேன்"னு அங்க சொல்லிப் பாரேன், என்ன நடக்குதுன்னு.

இதுல சினிமா பாட்டு பாடறவங்களுக்கும் ராப்பருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. பின்னணி பாடகர் "நான் உன்னை காதலிக்கிறேன்"னு பாடினா அது அவரோட காதல்னு யாரும் நினைக்க மாட்டாங்க, யாரோ எழுதின வரி, யாரோ வாயசைக்கறாங்க. ராப்ல அப்படி கிடையாது. "நான்"னு சொன்னா அது நீதான், உன் தெரு, உன் வீடு, உங்க அம்மா தூக்கின குடம், நீ போலீஸ்கிட்ட வாங்கின அறை. அந்த நிஜம்தான் முதலீடே, குரல் சுமாரா இருந்தாலும் ஆளு நிஜம்னு தோணினா கேக்கறாங்க. அந்த வாய் "இவருக்கு ஓட்டு போடுங்க"ன்னு சொன்னா ஜனங்க அதை விளம்பரமா கேக்கல, சாட்சியா கேக்கறாங்க. ஆர்ட்டிஸ்ட் மட்டும் ஏன் இவ்வளவு திட்டு வாங்கறான்னு கேட்டியே, காரணம் இதுதான்.

கலைஞன் அரசியல் பேசக்கூடாதுன்னு சொல்ற கோஷ்டி இல்ல நான். நம்ம ஊர்ல இருந்துகிட்டு அப்படி சொன்னா சிரிப்பாங்க. 1944 ஆகஸ்ட்ல நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேர் மாத்தினதே இந்த சேலத்துல நடந்த மாநாட்டுலதான். ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது, அந்த கம்பெனி படத்துக்கு வசனம் எழுதின கலைஞர் பின்னாடி முதலமைச்சராவே ஆனாரு. கே.பி.சுந்தராம்பாள் காங்கிரசுக்காக மேடை ஏறிப் பாடினாங்க, நாகூர் ஹனிபா கடைசி வரைக்கும் திமுக மேடைல பாடினாரு. அவங்களை யாரும் "ஏமாத்திட்டாங்க"ன்னு சொன்னதில்ல, ஏன்னா அவங்க எந்தக் கட்சின்னு ஊருக்கே தெரியும், ஹனிபா மைக்கைப் பிடிச்சா இது கட்சிப் பாட்டுன்னு குழந்தைக்குக்கூட தெரியும், கட்சி தோத்தப்பவும் அவர் அதே மேடைலதான் இருந்தாரு. பிரச்சனை எங்க வருதுன்னா, நேத்து வரைக்கும் "எனக்கு எந்தக் கட்சியும் இல்ல, நான் தெருவோட குரல்"னு பாடிட்டு இருந்தவன் இன்னைக்கு திடீர்னு ஒருத்தரை தூக்கிப் பிடிக்கறப்ப, நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டுடறான் பாரு, அங்க.

என் ரூம்ல நடந்ததை சொல்றேன். 2022 பிப்ரவரி, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல், நம்ம மாநகராட்சிக்கு 60 வார்டு. இருபத்தொரு வயசுப் பையன் ஒருத்தன், அவங்க தெருவுல சாக்கடை பொங்கி வீட்டுக்குள்ள வர்றதை வச்சு ஒரு பாட்டு பண்ணியிருந்தான், என்கிட்டதான் ரெக்கார்ட் பண்ணான், பறையும் ஒரு பழைய ஸ்னேரும் வச்ச பீட், செம்மையா இருக்கும். ஏரியால எல்லார் போன்லயும் ஓடுச்சு. எலெக்‌ஷன் வந்ததும் ஒரு வேட்பாளரோட ஆளு அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்து உக்கார்ந்தாரு, வாட்ஸ்அப்ல வரி டைப் பண்ணி வச்சிருந்தாரு, பதினாறு பாருக்குள்ள, அதாவது ராப் கணக்குல பதினாறு வரிக்குள்ள, அண்ணன் பேரு அஞ்சு தடவை வரணும், சின்னம் மூணு தடவை வரணும். அதுகூட பரவாயில்ல. "பீட்டு மட்டும் அந்த சாக்கடை பாட்டோட பீட்டே போட்டுருங்க, ஜனங்களுக்கு டக்குனு புடிபடும்"னாரு.

பையன் என்னைப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லல, சொல்லியிருக்கணும், இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்தல்தான், எனக்கும் ஸ்டுடியோ வாடகை இருந்துச்சு அந்த மாசம். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது. அவனுக்கு ஆறாயிரம், எனக்கு மூவாயிரம், பில்லும் இல்ல கையெழுத்தும் இல்ல, பென் டிரைவை சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு போயிட்டாரு. அடுத்த நாள் காலைல இருந்து அந்த பீட்டு, எந்த பீட்டுல "எங்க வீட்டுக்குள்ள உங்க சாக்கடை"ன்னு அவன் கத்தினானோ அதே பீட்டு, ஆட்டோ மேல கட்டின ஸ்பீக்கர்ல வாக்குறுதியா ஓடுச்சு.

அண்ணன் ஜெயிச்சாரு. சாக்கடை அப்படியேதான் இருந்துச்சு. அந்த மழைக்கு மறுபடி பொங்குனப்ப தெருவுல பூ கட்டற ஒரு அக்கா கவுன்சிலர் ஆபீசுக்குப் போகல, நேரா இவன் வீட்டு வாசலுக்கு வந்து, "ஏன்டா, நீதானடா பாடின, வந்து அள்ளு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேசல. அந்த பீட்டை அவன் அதுக்கப்புறம் எந்த மேடைலயும் போடல, போட முடியல, கேட்டா ஜனங்களுக்கு சின்னம்தான் ஞாபகம் வருதுங்கறான். ஆறாயிரத்துக்கு அவன் குரலைத்தான் வித்தோம்னு நினைச்சான், போனது அந்தத் தெருவோட கோவம். அது அவன் ஒருத்தனோட சொத்து இல்லையே.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம், இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு சோப்புக்கோ ஹேர் ஆயிலுக்கோ நீ விளம்பரத்துல வந்து பொய் சொன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல உனக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்ப பண்ணா 50 லட்சம் வரை போகும், மேற்கொண்டு விளம்பரத்துல நடிக்கக் கூடாதுன்னு தடையும் போடலாம். தப்பிக்க ஒரே வழி, சொன்னது உண்மையான்னு நான் உரிய அக்கறையோட விசாரிச்சுத்தான் சொன்னேன்னு காட்டணும். வேட்பாளருக்கு நீ சொல்ற நல்ல வார்த்தைக்கு இந்த மாதிரி எதுவும் கிடையாது. எண்ணெய் போட்டு முடி வளரலன்னா கேக்க ஆபீஸ் இருக்கு, அஞ்சு வருஷம் போச்சேன்னு கேக்க பூக்கார அக்காதான் இருக்கு.

அந்த "விசாரிச்சுத்தான் சொன்னேன்"ங்கறதை மட்டும் சட்டம் கேக்கலன்னாலும் நீயா எடுத்துக்கோ. இதுக்கு பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், சட்டமன்றத்துக்கோ பார்லிமென்ட்டுக்கோ நிக்கற ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-ல பிரமாணப் பத்திரம் கொடுக்கணும், அவர் மேல இருக்கற கிரிமினல் கேஸ், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதுல இருக்கும், தேர்தல் கமிஷன் சைட்லயே போடறாங்க, போன்லயே பார்க்கலாம். சுப்ரீம் கோர்ட் 2002-ல கொடுத்த தீர்ப்பால வந்த விஷயம் அது. நான் இதுவரைக்கும் பிரச்சாரப் பாட்டு பாட வந்த எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன், அஃபிடவிட் படிச்சியாடான்னு, ஒருத்தன்கூட ஆமான்னு சொன்னதில்ல. ஒருத்தன் "அது எந்த ஆப்புல வரும்ணா"ன்னான்.

காசு விஷயம் இன்னும் முக்கியம். சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுல ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு பண்ணலாம், லோக்சபாவுக்கு 95 லட்சம், 2022-ல உயர்த்தின கணக்கு இது. உன் பாட்டுக்கு கொடுக்கற காசும் அந்தக் கணக்குல வரணும், கையில கொடுத்துட்டு கணக்குல காட்டலன்னா அந்த முறைகேட்டுல உன் பேரும் இருக்குன்னு அர்த்தம். நீயா ஆசைப்பட்டு அவரோட அனுமதி இல்லாம அவருக்காக விளம்பரச் செலவு பண்ணாலும் குத்தம்தான், இப்ப இருக்கற பாரதிய நியாய சன்ஹிதால பத்தாயிரம் வரை அபராதம். அதுல பத்து ரூபாய்க்குள்ள செலவு பண்ணியிருந்தா பத்து நாளுக்குள்ள எழுத்துல அனுமதி வாங்கிக்கலாம்னு ஒரு விலக்கு வேற வச்சிருக்காங்க, பத்து ரூபாய்க்கு இப்ப அஞ்சு ரோட்ல ஒரு டீ கூட வராது. வேட்பாளர் தரப்புல இருந்து சோஷியல் மீடியால காசு கட்டி உன் பாட்டை விளம்பரமா ஓட்டறதா இருந்தா அதுக்குன்னு இருக்கற ஊடகக் கமிட்டிகிட்ட முன்கூட்டியே சான்றிதழ் வாங்கணும். இன்னொண்ணு பசங்களுக்கு சுத்தமா தெரியாது, ஓட்டுப்பதிவு முடியற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரத்துல கூட்டம் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ம் பிரிவுல இசைக் கச்சேரி வச்சு தேர்தல் விஷயத்தைப் பரப்பக் கூடாதுன்னு தனியாவே எழுதியிருக்காங்க, ரெண்டு வருஷம் வரை தண்டனை. "ஃபேன்ஸ் மீட்டு தானே"ன்னு அந்த நேரத்துல மைக்கைப் பிடிச்சா மாட்டப்போறது நீதான், அண்ணன் இல்ல.

ஹிப்ஹாப் பொறந்த அமெரிக்காவுல இந்த ஜாமீன் கையெழுத்துக் கதை நிறைய இருக்கு. என்.டபிள்யூ.ஏ-ன்னு ஒரு ராப் குரூப், போலீசைத் திட்டிப் பாடினதுக்கு 1989-ல எஃப்பிஐ-ல இருந்தே அவங்க ரெக்கார்ட் கம்பெனிக்கு லெட்டர் வந்துச்சு. அதே குரூப்போட ஈஸி-ஈ 1991-ல வாஷிங்டன்ல குடியரசுக் கட்சிக்கு நன்கொடை கொடுக்கறவங்களுக்கான விருந்துல, அப்ப ஜனாதிபதியா இருந்த பெரிய புஷ் பேசின விருந்துல, போய் உக்கார்ந்தாரு. அவர் அதை கிண்டலா பண்ணாரா சீரியஸா பண்ணாரான்னு இன்னும் சண்டை போட்டுக்கறாங்க, ஆனா ஒண்ணு, ஒளிஞ்சு போகல.

ஐஸ் க்யூப் கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பாடம். அவரும் அதே குரூப்ல இருந்தவர்தான். 2020-ல கறுப்பின மக்களுக்கு என்னென்ன வேணும்னு ஒரு ஒப்பந்தம் மாதிரி எழுதி, ரெண்டு கட்சியும் வாங்க பேசலாம்னாரு. நல்ல வேலை, ஆளைப் பார்க்கல, கோரிக்கையை முன்னாடி வச்சாரு. ஜனநாயகக் கட்சி எலெக்‌ஷன் முடியட்டும்னாங்க, ட்ரம்ப் தரப்பு உடனே பேசினாங்க. பேசினதோட விட்டாங்களா, ட்ரம்ப் பிரச்சாரத்துல இருந்த ஒருத்தங்க ஓட்டுப்பதிவுக்கு சில வாரம் முன்னாடி க்யூபுக்கு நன்றின்னு பப்ளிக்கா போட்டுட்டாங்க, அவ்வளவுதான், "நான் யாருக்கும் ஆதரவு கொடுக்கல"ன்னு அவர் தொண்டை கிழிய கத்தினாலும் யாரும் கேக்கல. கையெழுத்தே போடாதவன் பேர்ல ஜாமீன் ஏறின கதை அது. அரசியல்வாதிகூட நீ ரூமுக்குள்ள பேசறது வேற, அவங்க வெளிய வந்து அதை எப்படி சொல்வாங்கங்கறது வேற, அதை நீதான் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கணும்.

லில் வெய்ன்னு இன்னொரு ராப்பர் அதே 2020 அக்டோபர் கடைசில ட்ரம்ப்கூட எடுத்த போட்டோவை போட்டு ரெண்டு பாராட்டு வார்த்தை எழுதினாரு. அடுத்த மாசம் துப்பாக்கி கேஸ் அவர் மேல வந்துச்சு, டிசம்பர்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாரு, 2021 ஜனவரில ட்ரம்ப் பதவியை விட்டுப் போறப்ப மன்னிப்பு கொடுத்துட்டாரு. ரெண்டுக்கும் முடிச்சு இருக்குன்னு நான் சொல்லல, எனக்கு என்ன தெரியும். ஆனா பார்க்கறவன் மனசுல அந்த முடிச்சு தானா விழும், அதைத்தான் சொல்றேன். ஃபியூஜீஸ் குரூப்ல இருந்த ப்ராஸ் மிஷெல் இதைவிட மோசம், 2012 ஒபாமா பிரச்சாரத்துக்கு மலேசிய பணக்காரர் ஒருத்தரோட காசை வேற வேற பேர்ல உள்ள விட்டது உட்பட பல குத்தத்துல 2023-ல கோர்ட்டு அவரைக் குத்தவாளின்னு சொல்லிடுச்சு. பாட்டுல ஆரம்பிச்சு பண மூட்டைல முடிஞ்ச கதை.

எதிர்ப்பக்கமும் பார்க்கணும். அட்லான்டா ராப்பர் கில்லர் மைக், ஜனாதிபதி வேட்பாளராகப் பார்த்த பெர்னி சாண்டர்ஸை தன்னோட சொந்த சலூன்ல உக்கார வச்சு கேள்வி கேட்டு அதை அப்படியே வெளியிட்டாரு, ஏன் ஆதரிக்கறேன்னு பக்கம் பக்கமா பேசினாரு. நமக்கு சாண்டர்ஸ் பிடிக்கலாம் பிடிக்காம போகலாம், ஆனா ஜாமீன் போடறவன் கடன்காரனை முன்னாடி உக்கார வச்சு நாலு கேள்வி கேட்டது ஊருக்கே தெரியும்ல.

ஆனா நான் பசங்களுக்கு எப்பவும் சொல்ற உதாரணம் அமெரிக்கா இல்ல, ஆப்பிரிக்காவுல இருக்கற செனகல். காவ்லாக்னு ஒரு ஊர், தலைநகரம் இல்ல, கடலை வியாபாரம் நடக்கற ஊர், நம்ம லீ பஜார் மாதிரி மூட்டையும் வண்டியுமா இருக்கும்னு வச்சுக்கோயேன். அந்த ஊர்ல இருந்து வந்த கெர் குய் குரூப் ராப்பருங்க தியாட், கிலிஃபேயு, ஒரு பத்திரிகையாளரோட சேர்ந்து 2011 ஜனவரில "போதும்டா சாமி"ங்கற அர்த்தத்துல ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, மணிக்கணக்கா கரண்ட் கட் ஆன கடுப்புல. அப்ப ஜனாதிபதி வாட் மூணாவது தடவை நிக்கப் பார்த்தாரு. இவங்க எதிர்த்தாங்க, தியாட் கைதுகூட ஆனாரு, ஆனா எந்த எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் ஓட்டு போடுங்கன்னு சொல்லல. அதுக்குப் பதிலா இளைஞர்களை வாக்காளர் பட்டியல்ல சேர்க்க தெருத்தெருவா போனாங்க. 2012-ல வாட் தோத்து மேக்கி சால் வந்தாரு. புது ஆள் வந்ததும் இவங்க வேலை முடியல, அவரையும் அதே கண்ணால பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க யாருக்கும் ஜாமீன் போடாததாலதான் ரெண்டு பேரையும் கேக்க முடிஞ்சுது.

நம்ம பக்கம் சென்னை ராப்பர் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல்ல யூனிலீவர் கம்பெனியோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி விட்ட பாதரசத்தை வச்சு 2015-ல பாடினாங்க இல்ல, அதுவும் கிட்டத்தட்ட இதே வழிதான், ஆளுக்குப் பாடல, ஒரு கோரிக்கைக்குப் பாடினாங்க. அடுத்த வருஷமே கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோட ஒப்பந்தம் போட்டுச்சு. பாட்டாலதான்னு சொல்ல மாட்டேன், தொழிலாளர்கள் பதினஞ்சு வருஷம் போராடினாங்க, பாட்டு கடைசில கொடுத்த ஒரு தள்ளு. ஆனா நடந்துச்சா இல்லையான்னு அளந்து பார்க்கற மாதிரி ஒண்ணைக் கேட்டாங்க பாரு, அது முக்கியம்.

ஏற்காட்டு மேல எஸ்டேட் லைன் வீட்ல இருந்து ஒரு பையன் என்கிட்ட வருவான், ஒண்டிக்கடைல பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து பாடிட்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுவான். அவனையும் ஒரு எலெக்‌ஷன்ல கூப்பிட்டாங்க. அவன் என்ன பண்ணான், "எங்க ஊருக்கு ரோடு போடறேன்னு நீங்க உங்க குரல்ல ரெக்கார்ட் பண்ணிக் கொடுங்க, தேதியோட, அதை பாட்டுக்கு நடுவுல போடறேன்"னு சொல்லிட்டான். அப்புறம் அவங்க போனே எடுக்கல. பாட்டு போச்சு, காசும் போச்சு, அவன் அப்பாகிட்ட திட்டு வேற வாங்கினான், அது நிஜமான நஷ்டம்தான், லேசா சொல்லிட்டுப் போக மாட்டேன்.

அதுக்காக வாயை மூடிட்டு இருன்னு அர்த்தம் இல்ல. இங்க பேசினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததும் இல்ல, 2018-ல எட்டு வழிச்சாலை நேரத்துல சேலத்துல பேசின பேச்சுக்கு நடிகர் மன்சூர் அலிகான் கைதானாரு, அவருக்காவது பேரு இருக்கு, வக்கீல் இருக்கு, உனக்கும் எனக்கும் யாரு இருக்கா. அதனால பெரிய ஆர்ட்டிஸ்ட்டையும் அம்மாப்பேட்டை பையனையும் ஒரே தராசுல நான் வைக்க மாட்டேன். லட்சக்கணக்குல ஆள் பின்னாடி வர்றவன் விசாரிக்காம பாடினா அது அலட்சியம், வாடகைக்கு ஆறாயிரம் வாங்கின பையன் பாடினா அது வேற. ஆனா "இது காசு வாங்கிட்டு பாடினது"ன்னு ஒரு வரி வீடியோவுக்கு கீழ போட ரெண்டு பேராலயும் முடியும்ல? அதைக்கூட செய்ய மாட்டேங்கறாங்கங்கறதுதான் என் கோவம். அப்புறம் ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா வீடியோவை சத்தமில்லாம டெலீட் பண்றது இருக்கு பாரு, அது ஜாமீன் போட்டுட்டு ஊரை விட்டு ஓடறது. ஆதரவை எந்த மேடைல சொன்னியோ அதே மேடைல, அதே சத்தத்துல, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லு. அந்த சாக்கடைப் பையன் கடைசில அதைத்தான் பண்ணான். போன ஆடி மாசம் எங்க தெரு நிகழ்ச்சில பழைய பாட்டு ஒண்ணும் போடல, நாலே நாலு வரி, பீட்டு இல்லாம, "ஆறாயிரம் வாங்கினேன்"னு ஆரம்பிச்சான். பூக்கார அக்கா முன் வரிசைலதான் இருந்துச்சு, கை தட்டல, ஆனா எந்திரிச்சும் போகல.

உனக்கு வந்த ஆஃபர் எந்தக் கட்சின்னு எனக்குத் தெரிய வேண்டாம் தம்பி. அந்த ஆளோட அஃபிடவிட்டை பிரிண்ட் எடுத்துக்கோ, நாலு ரோடு ஜெராக்ஸ் கடைல எடுத்துடலாம், எவ்வளவு காசுன்னு எழுத்துல கேளு, எழுத்துல கொடுக்க மாட்டேன்னா அதுவே பதில். அதுக்கப்புறமும் பாடணும்னு தோணினா வா, ரெக்கார்ட் பண்ணித் தர்றேன், ஆனா பில்லோட. ஞாயித்துக்கிழமை வா, மத்த நாள்ல பக்கத்துல தறி ஓடும், மைக்ல ஏறிடும்.